இரண்டு ரிவால்வர்கள், ஒரு கொசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் குடியிருக்கிறேன். என்னிடம் ஒரே மாதிரி மாற்றியமைத்த இரண்டு பழைய ருகர் ரிவால்வர்கள் இருக்கின்றன. ஸ்கீட்டர் ஸ்கெல்ட்டன் என்ற துப்பாக்கி எழுத்தாளரின் நினைவாகச் செய்துகொண்டவை. தெரியாத்தனமாக ஒருநாள் அவற்றின் படத்தை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

யார் இந்த ஸ்கீட்டர் ஸ்கெல்ட்டன்?

முழுப்பெயர் சார்லஸ் ஆலன் ஸ்கெல்ட்டன். 1928இல் டெக்சாஸின் வடகோடிச் சமவெளியில், மாடுகளுக்குப் பேர்போன ஹியர்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். 'ஸ்கீட்டர்' என்பது பட்டப்பெயர். அமெரிக்கப் பேச்சுவழக்கில் கொசு என்று பொருள். எல்லைக் காவல் படையில் இருந்தார். சொந்த ஊர் அடங்கிய டெஃப் ஸ்மித் கவுண்டியின் ஷெரீஃபாக இருந்தார். பிறகு சுங்கத் துறை, அதன்பின் போதைப்பொருள் தடுப்புத் துறை. இடுப்பில் ரிவால்வரோடு சம்பளம் வாங்கியபடியே 'ஷூட்டிங் டைம்ஸ்' மாத இதழில் கைத்துப்பாக்கிகளைப் பற்றி எழுதினார். 1988 ஜனவரியில், அறுபது நிறைவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது காலமானார்.

துப்பாக்கி எழுத்தாளர் என்றால் என்ன எழுதுவார்?

பெரும்பாலும் புதிதாக வந்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது. பலர் எழுதுவது விளம்பரத்துக்கும் விமர்சனத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஸ்கெல்ட்டன் வேறு ரகம். ஒரு துப்பாக்கியை விவரிக்கத் தொடங்கி, நடுவில் முப்பதுகளின் பஞ்ச காலத்தில் ஒரு பையன் கைத்துப்பாக்கிக்கு ஏங்கிய கதைக்குப் போய்விடுவார். ஜக் ஜான்சன், டோப் கிரான்ட் என்று கற்பனைப் பாத்திரங்களையும் உலவவிட்டார். துப்பாக்கியே வேண்டாம் என்பவர்கூட அந்தக் கதைகளைப் படிக்கலாம்.

இந்த எழுத்தாளர்களுக்குச் செல்வாக்கும் இருந்தது. 1964இல் .41 மேக்னம் என்ற புதிய தோட்டா (புள்ளிக்குப் பின் வரும் எண், அங்குலக் கணக்கில் குண்டின் தடிமன், ஏறத்தாழ) சந்தைக்கு வந்ததற்கு எல்மர் கீத், பில் ஜார்டன், ஸ்கெல்ட்டன் ஆகிய மூவரின் நச்சரிப்பு முக்கியக் காரணம். போலீஸ்காரர்களுக்கு ஏற்றது என்று சொல்லித்தான் கேட்டார்கள். அதற்கென்று வந்த ரிவால்வரை நாள் முழுக்க இடுப்பில் சுமக்கப் போலீஸ்காரர்களில் பெரும்பாலோருக்கு மனம் வரவில்லை.

எழுத்தாளருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் அவர் எழுத்தைப் படித்தால் போதாதா?

என் மனைவி கேட்ட கேள்வியும் இதுதான். படித்தேன், திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் ஸ்கெல்ட்டன் ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்து பார்க்கச் சொன்ன ஆள். சமையல் குறிப்பு எழுதியவரை மெச்சுகிறவன் என்றாவது ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துத்தானே ஆக வேண்டும்? அவர் கொடுத்த குறிப்பு இது: நடுத்தர உடம்புள்ள பழைய ருகர் .357 பிளாக்ஹாக்கை வாங்கு, அதை .44 ஸ்பெஷலாக மாற்று.

ஏன் .44 ஸ்பெஷல்?

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த தோட்டா இது. தொழிற்சாலையில் நிரப்பி வந்த தோட்டா சாதுவானது. 246 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 16 கிராம் ஈயக்குண்டு நொடிக்குச் சுமார் 750 அடி வேகத்தில் போகும். ஆனால் தோட்டாக் கூட்டில் இடம் நிறைய இருந்தது. தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள் அதை முடுக்கிவிடக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் தலையானவர் எல்மர் கீத். முப்பதாண்டுகள் எழுதி எழுதி, கடைசியில் 1955 முடிவில் .44 மேக்னம் பிறக்க வைத்தார்.

பிள்ளை பிறந்ததும் தாயைக் கைவிட்டார்கள். 1966 வாக்கில் கோல்ட் நிறுவனமும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் .44 ஸ்பெஷல் ரிவால்வர்களை நிறுத்திவிட்டன. பழையவற்றின் விலை ஏறியது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்கெல்ட்டன் வழி சொன்னது அந்த நேரத்தில்தான். கடையில் கிடைக்காததைப் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் தங்கள் ருகர்களைப் பொட்டலம் கட்டிப் பட்டறைகளுக்கு அனுப்பினார்கள்.

.44 மேக்னம் அதைவிட வலுவானது அல்லவா?

வலுவானதுதான். மேக்னத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு, ஸ்பெஷலுக்கு 15,500. அந்த வித்தியாசத்தை என் மணிக்கட்டு எண் பார்க்காமலே சொல்லிவிடும். 250 கிரெய்ன் குண்டு நொடிக்கு 900 அடி சொச்சத்தில் போனால் ஷெரீஃபுக்கும் பண்ணைக்காரருக்கும் வேண்டிய எல்லா வேலையும் முடிந்துவிடும் என்பது ஸ்கெல்ட்டனின் கட்சி. மேக்னத்தை வாங்கியவர்களே சில மாதங்களில் அதில் மிதமான தோட்டாவைப் போட்டுச் சுடுவதை நானும் பார்த்திருக்கிறேன். அப்படிச் சுடுவதானால் அந்தக் கனத்த இரும்பை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

ஏன் குறிப்பாகப் பழைய ருகர்?

உடம்பின் அளவுதான் காரணம். ருகர் நிறுவனம் 1955இல் .357 பிளாக்ஹாக்கை வெளியிட்டபோது அதன் உடல் கோல்ட்டின் 1873ஆம் ஆண்டுப் பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரின் (ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடுவது) அளவை ஒட்டியே இருந்தது. உடல் மெழுகு வார்ப்பு முறையில் வார்த்தது. சுவாமிமலை ஸ்தபதிகளுக்குத் தெரிந்த வித்தைதான், தொழிற்சாலை அளவில் செய்தது. உள்ளே உடையக்கூடிய தட்டை வில்களை எடுத்துவிட்டுச் சுருள்வில் போட்டார்கள். பார்வைக்கு 1873, உழைப்பதற்கு 1955. .44 ஸ்பெஷலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்.

1973இல் உள்ளமைப்பை மாற்றிப் 'புதிய மாடல்' கொண்டுவந்தபோது .357க்கும் .44 மேக்னத்தின் பெரிய உடலையே கொடுத்துவிட்டார்கள். ஆகவே பழையதுதான் வேண்டும். அடையாளம் சுலபம்: உடலின் பக்கவாட்டில் மூன்று திருகுகள் தெரியும். அதனால் இதற்கு 'மூன்று திருகு' என்றே பெயர். புதியதில் இரண்டு ஊசிகள் இருக்கும்.

இப்போது கடையிலேயே .44 ஸ்பெஷல் ருகர் கிடைக்கிறதாமே?

கிடைக்கிறது, நல்ல துப்பாக்கியும்கூட. ஒரு விநியோகஸ்தர் கேட்டுக்கொண்டதால் ருகரே நடுத்தர உடலில் செய்து கொடுத்தது. சுடுவது மட்டும் நோக்கமென்றால் அதை வாங்குங்கள், பணமும் மூன்று வருடமும் மிச்சம். எனக்கு அவர் சொன்ன வழியிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்ற வீம்பு.

பழைய துப்பாக்கியை வெட்டுவது பாவமில்லையா?

பெட்டியோடு, காகிதத்தோடு, கீறல் விழாமல் இருப்பதை வெட்டினால் பாவம்தான். 1962 வரை வந்த, மேற்புறம் தட்டையான முதல் வகையைச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். அதைத் தொடவே கூடாது. நான் எடுத்த இரண்டும் அதற்குப் பின் வந்தவை, அதிலும் அடிபட்டவை. முதலாவதின் குழலை யாரோ ரம்பத்தால் அறுத்து முனையைக் கோணலாக விட்டிருந்தார்கள். இரண்டாவதன் இடப்பக்கம் முழுக்கத் துருப்புள்ளி. ஈரமான தோல் உறையில் வருடக்கணக்கில் கிடந்திருக்க வேண்டும். உறையின் தையல் ஓடிய தடம் இரும்பில் அச்சாக விழுந்திருந்தது.

என்னவெல்லாம் மாற்றினீர்கள்?

சிலிண்டரின் ஆறு அறைகளையும் .44க்கு அகலப்படுத்த வேண்டும். குழலுக்கு இரண்டு வழி: பழைய குழலின் துளையைப் பெரிதாக்கிப் குண்டைச் சுழலவைக்கும் சுருள்வரியைப் புதிதாக வெட்டுவது, அல்லது புதுக் குழல் மாட்டுவது. பழையதில் ஒன்று ஏற்கெனவே கோணல் என்பதால் இரண்டுக்கும் புதுக் குழல். நீளம் 4⅝ அங்குலம், சுருள்வரி இருபது அங்குலத்துக்கு ஒரு சுற்று.

வெற்றுக்கூட்டைத் தள்ளும் கம்பி ஓடுகிற உறையும் கைப்பிடிச் சட்டமும் ருகரில் அலுமினியக் கலவையில் வந்தவை. அவற்றில் பூசிய கறுப்பு ஓரங்களில் உரிந்து வெள்ளையாகப் பல்லிளிக்கும். இரண்டையும் எஃகில் மாற்றினேன். எடை சில அவுன்சு கூடியது. கை உதறல் அந்த அளவுக்குக் குறைந்தது. மேற்பூச்சு சாதாரண நீலக்கறுப்பு. எலும்புக்கரியில் சுட்டு மயில் கழுத்து வண்ணம் வரவழைக்கலாம் என்று பட்டறைக்காரர் ஆசை காட்டினார். வேலைக்குப் போகிறவனுக்குப் பட்டு வேட்டி எதற்கு என்று மறுத்துவிட்டேன்.

குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு. செய்தித்தாள் ஒன்றை அந்த இடைவெளியில் செருகினால் சிக்கிக்கொண்டு வரும். பட்டறையில் நான் மிக நெருக்கமாகப் பார்த்த வேலை அதுதான். ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை நுழைத்து, இழுத்து, தலையாட்டி, அரத்தால் இரண்டு தேய்ப்பு, மறுபடி தகடு. ஒரு மணி நேரம் இதையே செய்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் தடவையே சரியாக வந்ததா?

இல்லை. முதல் துப்பாக்கியை நான் கொடுத்தது வேறொரு பட்டறையில். பெயர் வேண்டாம். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. சுட்டுப் பார்த்தால் இருபத்தைந்து கெஜத்தில் குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. பழி என் கையில்தான் என்று நம்பினேன். இரண்டு வாரம் மூச்சைப் பிடித்தேன், விசையை மெல்ல இழுத்தேன், மணல் மூட்டையில் சாய்த்தும் சுட்டேன். தட்டு கிண்ணமாகச் சுருங்கவில்லை. குழலைத் துடைக்கப் போனால் உள்ளே ஈயம் வெள்ளிச் சரிகைபோல் படிந்து, துணியில் நார்நாராக வந்தது.

ஒரு பெரியவர் சொல்லித்தான் அந்தச் சோதனை தெரிந்தது. ரிவால்வரின் சிலிண்டரைக் கழற்றி, அறையின் முன்வாயில் ஓர் ஈயக்குண்டை வைத்துப் பார்க்க வேண்டும். குண்டு அங்கேயே நின்று, பென்சிலால் தள்ளினால் நெருக்கிக்கொண்டு நகர வேண்டும். என் குண்டு தடதடவென்று மறுபக்கம் விழுந்து மேசையில் உருண்டது. ஆறு அறையிலும் இதே கதை. அளந்ததில் வாய் 0.434 அங்குலம், குண்டு 0.430. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லைபோல் இருக்கும். அந்தச் சந்து வழியாகச் சூடான வாயு குண்டின் ஓரத்தை உருக்கிக்கொண்டே போகும். உருகிய ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும், குண்டு தள்ளாடிக்கொண்டு புறப்படும்.

அகலமாக்கிய துளையைச் சிறிதாக்க முடியாது. சிலிண்டர் காயலான் கடைக்குத்தான். புகார் சொன்னேன். 'எல்லாரும் இந்த அளவுக்குத்தான் போடுகிறோம்' என்று பதில் வந்தது. அதற்குமேல் பேசவில்லை.

இரண்டு எதற்கு?

மேலே சொன்ன விபத்தின் விளைவுதான். கெட்டுப்போன சிலிண்டருக்குப் பதிலாகப் பழைய .357 சிலிண்டர் ஒன்றைத் தனியாகத் தேடினேன். யாரும் விற்பதாக இல்லை. கடைசியில் துருப்பிடித்த முழுத் துப்பாக்கி ஒன்று மலிவாகக் கிடைத்தது. சிலிண்டரை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டாவது பட்டறைக்காரர் அதைக் கையில் வாங்கி, சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். மூன்று திருகு ருகரில் அப்படி இழுக்கும்போது நாலு சொடுக்குச் சத்தம் கேட்கும், பழைய கோல்ட்டைப்போலவே. நாலும் தெளிவாகக் கேட்டன. "உள்ளே ஒரு குறையும் இல்லையே, இதை எதற்குக் கொல்கிறாய்?" என்றார். முதலாவதுக்கு எஃகு உருளையிலிருந்து புதுச் சிலிண்டரே கடைந்து கொடுப்பதாகவும், இதையும் கூடவே மாற்றிவிடலாம் என்றும் சொன்னார். செலவு இரட்டிப்பு. வீட்டுக்குப் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஆகவே இவை இரட்டைப் பிள்ளைகள் இல்லை. வரிசை எண்கள் பல ஆயிரம் தள்ளி இருக்கின்றன. ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர்ந்து பார்த்தால் முதலாவதின் சிலிண்டர் ஓரம் கூர்மை, இரண்டாவதில் தேய்ந்து மழுங்கியிருக்கும். துருப்புள்ளிகளையும் முழுக்க இழைக்க விடவில்லை. உறையின் தையல் தடம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

இரண்டு கையிலும் பிடித்துச் சுடுவீர்களா?

மாட்டேன். அது சினிமா.

ஓர் எழுத்தாளருக்காகத் துப்பாக்கி செய்வது உங்கள் யோசனையா?

இல்லவே இல்லை. இதற்கு நல்ல பரம்பரை உண்டு. பில் குரோவர் என்பவர் டெக்சாஸின் ரிச்மண்டில் டெக்சாஸ் லாங்ஹார்ன் ஆர்ம்ஸ் என்ற சிறிய நிறுவனம் நடத்தினார். அவருக்கு ஒரு தீராத குறை இருந்தது. கோல்ட் ரிவால்வரில் தோட்டா போடும் வாய் வலப்பக்கம் இருப்பதால், வலக்கைக்காரர் தோட்டா நிரப்பத் துப்பாக்கியை இடக்கைக்கு மாற்ற வேண்டும். அதனால் வாயை இடப்பக்கம் வைத்தே தன் ரிவால்வர்களைச் செய்தார். ஸ்கெல்ட்டனுக்காக ஒரு மூன்று திருகு ருகரை .44 ஸ்பெஷலாக மாற்றும் வேலையையும் அவர் எடுத்திருந்தார். அது கைக்கு வருமுன் ஸ்கெல்ட்டன் இறந்துவிட்டார். பிறகு அதே மாதிரி நண்பர்களுக்காக ஏழு துப்பாக்கிகள் செய்யப்பட்டன, எஸ்.எஸ். 1 முதல் எஸ்.எஸ். 7 வரை எண். ஸ்கெல்ட்டனின் பெயரின் முதலெழுத்துகள்.

அதற்கும் மூத்த கதை எல்மர் கீத்தினுடையது. 1925 ஜூலை 4ஆம் தேதி, சுதந்திர தினக் கொண்டாட்டமாக அவர் வானத்தை நோக்கிச் சுட்டபோது அவருடைய .45 கோல்ட்டின் சிலிண்டர் வெடித்துச் சிதறியது. அதன்பிறகுதான் அவர் .44 ஸ்பெஷலுக்கு மாறினார். 1928இல் பிலடெல்பியாவிலிருந்து ஹரால்டு குரோஃப்ட் என்ற ரசிகர், தான் மாற்றியமைத்த ரிவால்வர்கள் நிறைந்த பெட்டியோடு ஆரிகான் மாநிலத்தில் கீத்தின் பண்ணைக்கு ரயிலேறி வந்தார். குரோஃப்ட்டின் துப்பாக்கிகளுக்கு ஒன்று முதல் நாலு வரை எண். இருவரும் உட்கார்ந்து பேசியதில் பிறந்தது எண் 5. கோல்ட் உடல், பிஸ்லி என்ற இன்னொரு கோல்ட் மாதிரியின் கைப்பிடிப் பின்பட்டை, நகர்த்தக்கூடிய பின்பார்வை, சிலிண்டர் அச்சைப் பிடிக்க ஒரு சிறு நெம்புகோல், 5½ அங்குலக் குழல், .44 ஸ்பெஷல். 1929இல் கீத் அதைப் பற்றி 'அமெரிக்கன் ரைஃபிள்மன்' இதழில் எழுதினார். அந்த எண் 5ஐத்தான் பிற்காலத்தில் குரோவர் மீண்டும் செய்து விற்றார்.

கீத்துக்குச் சிறுவயதில் தீ விபத்தில் இடக்கை வெந்து முடங்கிப்போயிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பிடியின் வளைவைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதியதைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும்.

ஸ்கெல்ட்டன் பெயரைப் பொறித்திருக்கிறீர்களா?

இல்லை. தங்க எழுத்து, பூவேலை, உருவப்படம் எல்லாம் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் நினைவுத் துப்பாக்கிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றை யாரும் சுடுவதில்லை. சுட்டால் விலை போய்விடும். உறையில் தேய்ந்த துப்பாக்கியைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவருக்கு அப்படி ஒன்றைச் செய்வது, விவசாயிக்கு வெள்ளிக் கலப்பை கொடுப்பதுபோல. என் துப்பாக்கிகளின் வெளியே ருகர் போட்ட எழுத்தைத் தவிர குழலில் தோட்டா அளவு மட்டும் உண்டு. அதைக் கட்டாயம் பொறித்தாக வேண்டும், பின்னால் வாங்குகிறவர் .357 என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரே ஒரு சலுகை எடுத்துக்கொண்டேன். கைப்பிடித் தகடுகளைக் கழற்றினால் சட்டத்தின் உள்பக்கம் ஒரு கொசு இருக்கும், அரிசி அளவில். பட்டறைக்காரர் முதலில் போட்டது ஈயைப்போல இருந்தது. கால்களை நீட்டச் சொன்னேன்.

கைப்பிடித் தகடு தந்தமா?

தந்தம் போடவில்லை. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் வணிகத்தை அமெரிக்கா 2016இல் கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிட்டது, நல்ல காரியம். முதலாவதுக்கு மெஸ்கீட் மரம். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு, டெக்சாஸ் முழுக்க முட்காடாக மண்டிக் கிடக்கிறது. இழைத்து எண்ணெய் பூசினால் கருப்பட்டி நிறம்.

இரண்டாவதுக்கு மான்கொம்பு. இங்கே கடைக்காரர்கள் அதைச் 'சாம்பார் ஸ்டாக்' என்பார்கள். குழம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் காடுகளின் கடமான், திருநெல்வேலிப் பக்கம் மிளா. ரிவால்வர் கைப்பிடிக்கும் கத்திப் பிடிக்கும் இதற்கு ஈடில்லை. மற்ற மான்களின் கொம்புக்குள் சோறு அதிகம். இது ஓரம் வரை கெட்டி, மேலே பட்டை வரிவரியாக இருக்கும், வியர்த்த கையிலும் வழுக்காது. ஒரு காலத்தில் உதிர்ந்த கொம்புகள் இந்தியாவிலிருந்து மூட்டைகளில் ஏற்றுமதியாயின. உதிர்ந்தது எது, கொன்று எடுத்தது எது என்று யார் பார்த்தார்கள்? தொண்ணூறுகளின் கடைசியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று அமெரிக்காவில் புழங்கும் இந்தியக் கொம்பு பெரும்பாலும் அதற்கு முன் வந்த சரக்கு. என்னுடையது ஒரு பழைய கத்திப் பட்டறையை மூடியபோது வாங்கிய ஒரு ஜோடித் துண்டு. ஒரு துண்டின் உள்பக்கத்தில் பென்சிலால் விலை எழுதியிருக்கிறது, அழிக்கவில்லை.

இதைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பது பாதுகாப்பானதா?

பழைய மூன்று திருகில் கவனம் தேவை. சுத்தியல் கீழே இறங்கி நிற்கும்போது அதன் கீழ் தோட்டா இருந்தால், துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டாலே வெடிக்கலாம். அதனால் ஆறு அறையில் ஐந்துதான் போட வேண்டும். ஒன்று போடு, ஒன்றை விடு, நாலு போடு, சுத்தியலை முழுக்க இழுத்து மெதுவாக இறக்கு. காலி அறை சரியாகச் சுத்தியலுக்குக் கீழே வந்து நிற்கும். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

ருகர் நிறுவனம் இந்தப் பழைய துப்பாக்கிகளுக்கு இலவசமாகப் பாதுகாப்பு உறுப்பு பொருத்திக் கொடுக்கிறது. கழற்றிய பழைய உறுப்புகளையும் திருப்பி அனுப்பும். பொருத்தினால் அந்த நாலு சொடுக்கு போய்விடும். நான் பொருத்தவில்லை, ஐந்து தோட்டாவோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கு அறிவுரை கேட்டால், பொருத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சுடுகிறீர்களா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?

மாதம் இரண்டு முறை. கீத் வடிவமைத்த குண்டுதான்: தட்டையான மூக்கு, அகலமான தோள். லைமன் நிறுவனத்தின் 429421 என்ற அச்சில் நானே ஈயம் உருக்கி வார்க்கிறேன். முதலில் வரும் பத்துப் பதினைந்து சுருக்கம் விழுந்து வரும், அச்சு சூடேறியதும் பளபளப்பாக விழத் தொடங்கும். முதல் தோசை கதைதான். இப்போது இருபத்தைந்து கெஜத்தில் ஐந்து குண்டும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுகின்றன, நான் ஒழுங்காக இருக்கும் நாளில். சுடுவது காகித இலக்கையும் இரும்புத் தட்டையும் மட்டுமே. நான் வேட்டைக்காரன் இல்லை.

எவ்வளவு செலவாயிற்று?

இரண்டு புதுத் துப்பாக்கியின் விலையைவிட அதிகம். சரியான தொகையைச் சொன்னால் வீட்டிலும் படித்துவிடுவார்கள்.

சட்டம் இடம் கொடுக்கிறதா?

அமெரிக்காவில், உரிமம் உள்ள பட்டறைக்கு உரிமையாளரே துப்பாக்கியை அனுப்பலாம். வேலை முடிந்ததும் நேராக அவருக்கே திரும்பி வரலாம். வரிசை எண்ணைத் தொட்டால் குற்றம், மேற்பூச்சுக்காக இழைக்கும்போதுகூட அது தெளிவாக நிற்க வேண்டும். ஒரே வியாபாரியிடம் ஐந்து வேலைநாளுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் அவர் அரசுக்குத் தனிப் படிவம் அனுப்புவார். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடத்துக்குமேல் இடைவெளி.

இந்தியாவில் இருப்பவர்கள் கேட்டீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப்பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கு வந்தால் கையில் கொடுத்துக் காட்டுவீர்களா?

தாராளமாக. வாயைத் திறந்து, சிலிண்டரைச் சுற்றி, ஆறு அறையும் காலி என்று நானும் பார்த்து நீங்களும் பார்த்த பிறகு கொடுப்பேன். இரண்டே விதி. வெற்றாக விசையை இழுத்துச் சுத்தியலைத் தட்ட விடாதீர்கள். படத்தில் வருவதுபோல் விரலில் மாட்டிச் சுழற்றாதீர்கள். என் மைத்துனர் மகன் சுழற்றியதில் மெஸ்கீட் மரத்தின் கீழ்முனை சமையலறைத் தரையில் பட்டு நசுங்கியது. அந்த நசுங்கலையும் காட்டுகிறேன்.